நாயாகவும் இருக்கலாம்

ஆறாவது மழைநாள். இல்லை, ஏழாவது.
சிலோயே தீவில் மழைநாளை எண்ணுவது
கடலை வாளியால் அளப்பது மாதிரி.
நால்கா இலை ஒன்றைத் தலைக்குமேல் கட்டியிருக்கிறேன்.
குடையைவிட அகலம், சத்தமும் குறைவு.
அதன் அடியில் நானும்
தவணையில் வாங்கிய லென்சும்
ரெமிகியோவின் பழைய கம்பளிச் சட்டையும்.
சட்டை எனக்கில்லை,
லென்சுக்கு.

சால்மன் ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
நேரே இங்கே வருகிறேன்.
மூன்று முறை சோப்புப் போட்டாலும்
நகக்கண்ணில் மீன் இருக்கிறது.
காட்டுக்கு அது தெரிகிறது.
என் பக்கமிருந்து காற்று வீசும் காலையில்
புதர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் காத்திருப்பது புடுவுக்காக.
மான்தான், ஆனால் முழங்கால் உயரம்.
சில்கோ செடியின் சிவப்புத் தொங்கட்டான் பூக்கள்
உதிர்ந்து கிடக்கும் இடத்துக்கு வந்து
ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும்.
எட்டிப் பறிக்க உயரம் போதாது.
நாய்க்குப் பயம், டிரக்குக்குப் பயம்,
தன் காலடியில் ஒடியும் சுள்ளிக்கும் பயம்.

காற்றாலை நட வருகிறவர்களின் அறிக்கையில்
எங்கள் சரிவைப் பற்றி ஒரே வரி:
குறிப்பிடத்தக்க விலங்குகள் இல்லை.
யாரோ வெயில் நாளில் வந்து போயிருக்கிறார்.
போன வருடம் அப்படி ஒரு நாள் இருந்தது.
ஆட்சேபிக்க முப்பது நாள் அவகாசம்.
படம் வேண்டுமாம், தேதியோடு,
அடையாளம் தெரியும்படி.

இங்கே விடிவது என்றால்
கறுப்பு சாம்பலாவது, அவ்வளவுதான்.
நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு என்கிறது மீட்டர்.
எனக்கு அது ஒன்றுமில்லை.
புடுவுக்கோ
பார்த்து, பயந்து, திரும்பி,
பாதி தூரம் போய்விடப் போதுமான காலம்.
ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படமெல்லாம் மணல்.
இறக்கினால் இருட்டு.
மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி,
அடக்கினால் இருமல்.

தூறலில் அது வராது.
தூறலில் காட்டுக்குக் காது கூர்மை.
அடைமழையில்தான் எல்லாரும் செவிடு,
நானும், அதுவும்,
மேட்டுவீட்டு ஆர்ட்டெமியோவின் மூன்று நாய்களும்.
ஆக, மோசமான மழையே நல்ல மழை.

ஏழு பத்துக்கு
முதலில் மூக்கு.
அப்புறம் ஒரு காது, அதன் நுனியில் ஒரு துளி.
துளி விழும்வரை அது அசையவில்லை.
நானும்.
விழுந்தது.
அழுத்தினேன்.

நாலு படம்.
ஒன்றில் மழை மட்டும்.
கேமராவுக்கு முன்னால் இருந்ததுதான் பெரிதாகப் பட்டிருக்கிறது,
ஒவ்வொரு தாரையையும் நூல் பிசகாமல் வரைந்திருக்கிறது.
இரண்டில் செம்பழுப்பாய் ஒரு புகை.
மற்றதில் இலை.

அடுப்பருகே காலுறைகளோடு கேமராவையும் காயவைத்தபடி
ரெமிகியோ திரையை உற்றுப் பார்த்தான்.
“அழகாயிருக்கு எல்சிரா.
என்ன இது?”

அந்தப் புகையைத்தான் அனுப்பினேன்.
பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது,
மிக மரியாதையான பதில்.
நாயாகவும் இருக்கலாம்.

நாய் பூப்பொறுக்குமா ஐயா என்று எழுதினேன்.
அழித்தேன்.
மிச்சம் பதினோரு நாள்.

அதில் மூன்றாம் நாள் வெயிலடித்தது.
நால்கா இலையின் நரம்பெல்லாம் தெரிந்தது.
அர்ராயான் மரப்பட்டை இலவங்க நிறத்தில் மின்னியது.
ஆயிரத்தில் ஒரு பங்கு என்றது மீட்டர்,
இதுவரை சொல்லாத எண்.
எறும்பின் காலைக்கூட எடுக்கலாம்.
மதியம்வரை உட்கார்ந்திருந்தேன்.
ஒரு சிறகு இல்லை, ஒரு வால் இல்லை,
பூக்கள் விழுந்த இடத்தில் விழுந்தபடி.
அறிக்கைக்காரர் கண்டது இதைத்தான்.
பொய் சொல்லவில்லை, பாவம்.

மூன்று மணிக்குக் கடல்பக்கம் கறுத்தது.
முதல் துளி என் கழுத்தில் விழுந்து
முதுகுவரை போனது.
லென்சுக்குச் சட்டையை மாட்டிவிட்டேன்.
மேலிருந்து இரண்டாவது பொத்தானைக் காணோம்.